பொய்ச்சாட்சி சொல்லும் கம்பி

ஹற்றனிலிருந்து இறங்கிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கும் கெசல்கமுவ ஓயாவுக்கும் இடையே ஒதுங்கியிருக்கும் நோட்டன் பிரிட்ஜ், பெயரளவில் ஒரு பாலத்துக்குரிய ஊர்; உண்மையில் அஃது இலங்கை மின்சாரத்தின் பிறந்தகங்களுள் ஒன்று. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைக் கணக்கிட்டு, 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் விமலசுரேந்திர ஓர் ஆய்வுரையை இலங்கைப் பொறியியற் சங்கத்தார் முன் வாசித்தார். 1924இல் வேலை தொடங்கிற்று. பணமுடையோடு மனமுடையும் சேர்ந்துகொள்ள இடையிலே நின்றது. 1950இல்தான் லக்ஷபான நிலையம் இயங்கலாயிற்று. நோட்டன் அணையிலே தேங்கும் நீரே மலையைக் குடைந்த வழியாக அந்நிலையத்தை அடைகின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரைக்கொண்டு இயங்கும் மற்றொரு நிலையம் 1965இல் நோட்டனிலேயே எழுந்தபோது, அதற்கு விமலசுரேந்திர என்றே பெயரிட்டனர். அவர் 1953இல் மறைந்துவிட்டார். தாம் கண்ட கனவு விளக்காக எரிவதைப் பார்த்த பின்னரே மறைந்தார் என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

அவ்வூரிலிருந்து மாணவர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியுள்ளார். தொழில்நுட்பம் பயில்கின்றவர். "தொழிற்சாலைகளில் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கின்றது. அதற்கு வரும் உள்ளீட்டுக் குறிகை பிழைபட்டால், பிழை எங்கேயுள்ளது என்று எவ்வாறு அறிவது? புத்தகத்திலே பட்டியல் இருக்கின்றது, ஆனால் ஏன் என்று விளங்கவில்லை" என்று கேட்கின்றார். இறுதியில், எந்தச் சோதனைக் கருவியை முதலில் வாங்குவது என்றும் ஒரு கேள்வி.

குடும்பத்தார் அனைவரும் படிக்கும் ஞாயிறு இதழிலே இதற்கு என்ன இடம் என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், இன்று மலைநாட்டிலே எத்தனையோ வீடுகளில் ஒரு மகனோ மருமகனோ இத்தகைய கருவிகளின் முன் இரவு வேலை பார்க்கின்றான். ஓயாவின் கரையிலே குளிப்போரும் துணி துவைப்போரும் மேலேயுள்ள அணையின் வான்கதவு எப்பொழுது திறக்கும் என்பதை நம்பியே இறங்குகின்றனர். ஆதலின், 'ஏன் என்று விளங்கவில்லை' என்னும் அம்மாணவரின் குறை நம் எல்லோர்க்கும் உரியதே.

முதலில் கருவியைப் பார்ப்போம். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் இயந்திரம் எப்பொழுது ஓட வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்குப் பெரிய அலுமாரிகள் நிறைய ரிலேக்களை அடுக்கி, அவற்றைக் கம்பிகளாற் பின்னி வைப்பார்கள். முறை மாறினால் கம்பிகளையெல்லாம் பிரித்து மீண்டும் பின்ன வேண்டும். இத்தொல்லையைத் தீர்க்க 1968ஆம் ஆண்டின் புத்தாண்டுத் தினத்தன்று ரிச்சர்ட் மோர்லி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு குறிப்பு எழுதினார். அதன் வழியே பிறந்ததுதான் 'மொடிகொன் 084' என்னும் கருவி. அந்நிறுவனத்தாரின் எண்பத்து நான்காவது வேலை என்பதே அந்த எண்ணின் பொருள். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளிலே தொடங்கிய அது, பின்னர் மின்நிலையம், சீனி ஆலை, குடிநீர் நிலையம், தேயிலைத் தொழிற்சாலை என எங்கும் பரவிற்று.

அதன் தொழில் மிக எளியது. தன்னிடம் வந்து சேரும் கம்பிகளையெல்லாம் ஒருமுறை பார்த்து நினைவிலே எழுதிக்கொள்ளும். தனக்கு ஓதப்பட்ட விதிகளின்படி தீர்மானிக்கும். கட்டளைகளை வெளியே அனுப்பும். மீண்டும் கம்பிகளைப் பார்க்கும். இச்சுற்று ஒவ்வொன்றும் சில மில்லி செக்கன்களுள் முடிந்துவிடும். களைப்பில்லை, மறதியில்லை, கோபமில்லை. ஆனால் கண்ணும் இல்லை. விசிறி சுழல்கின்றதா என்பதை அது காண்பதில்லை. 'சுழல்கின்றது' என்று ஒரு கம்பி சொல்வதைக் கேட்கின்றது. சாட்சி பொய்யாயின் தீர்ப்பும் பொய்யே. நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சைவசித்தாந்தம் கற்றோர்க்கு இவ்விடத்திலே ஒன்று நினைவுக்கு வரும். அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், கடவுள் உண்மை பேசுவதற்கு முன்னரே அளவை பேசுகின்றது. ஒன்றை அறிந்தோம் என்று எவ்வாறு சொல்கிறோம் என்பதே அளவை. காட்சி, கருதல், உரை என அவை மூன்று. அக்காட்சியிலும் குற்றமுண்டு: தூரத்தே நிற்பது கட்டையோ மனிதனோ என்று துணிய மாட்டாமை ஐயம், கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுதல் திரிபு. எண்ணூறு ஆண்டு முற்பட்ட நூலை நான் மின்சாரத்துக்குள் இழுத்து வருவதைப் பண்டிதர்கள் பொறுத்தருள்க. பி.எல்.சி.யின் உள்ளீட்டுப் பிழைகள் ஏறத்தாழ எல்லாம் இவ்விரண்டனுள் அடங்கும் என்பதே என் எண்ணம். ஐயம் நம்மை அலைக்கழிக்கும். திரிபோ நம்மை உறங்கவைத்துவிடும்.

ஐயம் எங்ஙனம் பிறக்கின்றது? பெரும்பாலான கருவிகளில் ஓர் உள்ளீட்டுக் கம்பியில் 24 வோல்ற்று இருந்தால் 'ஆம்', ஒன்றுமில்லையாயின் 'இல்லை'. உண்மையிலே கம்பி அவ்வளவு சுத்தமாகப் பேசுவதில்லை. அகில உலகத் தரவிதியொன்றின்படி, சாதாரண வகை உள்ளீடு 15 வோல்ற்றுக்கு மேற்பட்டதை 'ஆம்' என்றும், 5 வோல்ற்றுக்குக் கீழ்ப்பட்டதை 'இல்லை' என்றும் கொள்ள வேண்டும். இடைப்பட்டது அந்திப்பொழுது. அங்கே ஒரு கருவி 'ஆம்' எனலாம். பக்கத்துக் கருவி 'இல்லை' எனலாம். அதே கருவி காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லலாம். துருவேறிய முனையொன்று நீண்ட கம்பியின் தடையோடு சேர்ந்து 24ஐப் 12ஆக இறக்கிவிட்டால், இயந்திரம் காரணமின்றி நிற்பதும் காரணமின்றி ஓடுவதுமாக இருக்கும். பேய் பிடித்ததென்று சொல்லாத குறைதான்.

இனி, ஓர் உதாரணத்தைக் கொண்டு வழியைக் காண்போம். ஒரு தேயிலைத் தொழிற்சாலை. நள்ளிரவு. பகல் முழுதும் பறித்த கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, உலர்த்தியை நோக்கிக் காத்திருக்கின்றது. நொதித்தலுக்குக் காலம் உண்டு. அது கடந்தால் நிறமும் சுவையும் கெடும். அந்நேரம் பார்த்து உலர்த்தியின் ஊட்டுப்பட்டை நின்றுவிடுகின்றது. திரையிலே, 'காற்று விசிறி சுழலவில்லை' என்று எழுத்து. ஆனால் விசிறியின் இரைச்சல் காதைத் துளைக்கின்றது!

"என்ன தம்பி இது, விசிறி ஓடுது, மெசின் ஓடலேன்னு சொல்லுதே?" என்கிறார் டீமேக்கர்.

"பாத்துர்றேங்க ஐயா. அஞ்சு நிமிசம் குடுங்க" என்கிறான் மின்வேலை பார்க்கும் இளைஞன்.

அவன் செய்யத்தகாத முதற்காரியம், திருப்புளியை எடுத்துக் கண்ட முனையையெல்லாம் முடுக்கத் தொடங்குவது. தற்செயலாகப் பிழை நீங்கினாலும் அது எங்கேயிருந்தது என்பது தெரியாமற் போகும். மறுநாள் இரவே திரும்பி வரும். முதலில் அவன் பார்க்க வேண்டியது உள்ளீட்டுப் பலகையிலே ஒவ்வொரு கம்பிக்கும் நேரே பொருத்தப்பட்டிருக்கும் சிறு விளக்கு. ஒளிகாலும் இருவாயி என்று நம் பாடப்புத்தகங்கள் கூறுவது இதனையே. விசிறி ஓடுகின்றது, அதற்குரிய விளக்கு எரியவில்லையென்றால், செய்தி பலகை வரை வந்து சேரவில்லை, பிழை வெளியே. விளக்கு எரிந்தும் நிகழ்ச்சிநிரலிலே 'இல்லை' என்றிருந்தால், செய்தி வந்துவிட்டது. பிழை பலகையிலோ நிகழ்ச்சிநிரலிலோ. இந்த ஒரு பார்வையிலே பாதித் தொழிற்சாலை விசாரணையினின்றும் விடுதலை பெறுகின்றது.

விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்பொழுது பலகையின் முனையிலே மானியை வைத்து அளக்க வேண்டும். அங்கே 24 வோல்ற்று இருந்தும் விளக்கு எரியாவிடின், பலகை பழுது அல்லது அதன் பொதுத் திரும்புகம்பி அறுந்துள்ளது. பக்கத்திலுள்ள விளக்குகளையும் ஒருமுறை நோக்குதல் நன்று. ஒரே வரிசையில் எட்டும் ஒருங்கே அணைந்திருந்தால், எட்டு உணரிகள் ஒரே கணத்திற் செத்தன என்று நம்புவது பேதைமை. எட்டுக்கும் பொதுவான கம்பியோ உருகியோ போயிற்று என்பதே கருதல் அளவையாற் பெறும் முடிவு. முனையிலே வோல்ற்று இல்லையெனின், அடுத்த சோதனை நடுவழியிலுள்ள சந்திப்புப் பெட்டியில். அங்கே இருந்தால் பிழை பெட்டிக்கும் பலகைக்கும் இடையே. இல்லாவிடின் பெட்டிக்கும் உணரிக்கும் இடையே. இவ்வாறு வழியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால், நூறு இடங்களில் இருக்கக்கூடிய ஒரு பிழையை ஏழு சோதனைகளுள் அகப்படுத்திவிடலாம். அகராதியிலே சொல்லைத் தேடும்போது நாம் முதற் பக்கத்திலிருந்தா புரட்டுகின்றோம்?

மலைநாட்டிலே அந்தச் சந்திப்புப் பெட்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூடுபனி எந்த இடுக்கிலும் நுழையும். செப்புக் கம்பியின் நுனியிலே பச்சை பூக்கும். தொழிற்சாலைக்குள்ளோ, தேயிலையின் நுண்ணிய பஞ்சுத்தூசி ஒளிக்கதிரால் இயங்கும் உணரிகளின் கண்ணைத் திரைபோல் மூடிவிடும். விசிறியின் அச்சிலே பொருத்திய உலோகத் துண்டைக் காந்தப்புலத்தால் அறியும் உணரிக்குத் தூசி பொருட்டன்று. ஆனால் அதற்கும் உலோகத்துக்கும் இடையே சில மில்லிமீற்றர்தான் இடைவெளி. அதிர்வினால் அது சற்றே விலகினாலும் உணரி குருடாகிவிடும். கதகதப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் பெட்டிக்குட் குடியேறுவதும் உண்டு. உயிரினங்களை இலேசாக எண்ணிவிடலாகாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று புகுந்ததனால் இலங்கைத் தீவு முழுதும் இருண்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஓடும்போது மட்டும் தோன்றி, சோதிக்கப் போனால் மறையும் பிழை எல்லாவற்றிலும் கொடியது. அதிர்வினால் தளர்ந்த முனைகளின் வேலை பெரும்பாலும் அது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேடினால் அகப்படாது. ஓடும் நிலையிலேயே, ஒருவர் விளக்கைப் பார்த்திருக்க, மற்றொருவர் காய்ந்த மரக்கோலினாற் பெட்டியையும் கம்பிக் குழாயையும் மெல்லத் தட்டிச் செல்ல வேண்டும். விளக்கு கண் சிமிட்டும் இடமே குற்றவாளியின் இருப்பிடம்.

இதுவரை சொன்னவை, உள்ளதை 'இல்லை' என்னும் பிழைகள். இல்லாததை 'உண்டு' என்பனவும் உள. இரண்டே கம்பி கொண்ட உணரிகள் சில, அணைந்த நிலையிலும் தாம் உயிர்வாழ்வதற்கென்று ஒரு சிறு மின்னோட்டத்தைக் கசியவிடும். நுண்ணுணர்வு மிகுந்த உள்ளீடு அக்கசிவையே 'ஆம்' எனக் கொள்ளும். பெரிய மோட்டாருக்குச் செல்லும் வலுக்கம்பியோடு குறிகைக் கம்பியையும் ஒரே குழாயில் இழுத்திருந்தால், ஒன்றின் துடிப்பு மற்றொன்றிலே எதிரொலிக்கும். இதனை மானியால் அளப்போர் ஏமாறுவதுண்டு. இக்கால இலக்கமானிகள் மிக உயர்ந்த தடையுடையன. சுற்றிலிருந்து மின்னோட்டத்தை எடுப்பதேயில்லை எனலாம். ஆதலால் எங்கும் இணைக்கப்படாத கம்பியிற்கூட அவை பெருந்தொகை வோல்ற்றைக் காட்டும். பழைய காலத்துச் சோதனை விளக்கைத் தொட்டால் அந்த மாயவோல்ற்று ஒரே கணத்திற் சரிந்துவிடும். வலுக்கம்பியையும் குறிகைக் கம்பியையும் வெவ்வேறு வழியிற் கொண்டுசெல்லுதல், குறிகைக் கம்பியின் கவச உறையை ஒரு முனையில் மாத்திரம் புவித்தொடுப்புச் செய்தல், கசிவு வடியத் தக்க ஒரு தடையை உள்ளீட்டின் குறுக்கே பொருத்துதல் ஆகியவை பரிகாரங்கள்.

வேகத்தினால் வரும் பிழையையும் குறிப்பிட்டுவிடுகிறேன். ஓர் ஆளியை அழுத்தும்போது அதன் தொடுமுனை சில மில்லி செக்கன் துள்ளித் துள்ளியே அமரும். தேயிலைப் பொதிகளை எண்ணும் இடத்தில் ஒரு பொதி மூன்றாக எண்ணப்படுவது அதனால். உள்ளீட்டின் வடிகட்டு நேரத்தைக் கூட்டினால் அது தீரும். அதற்கு மாறாக, கருவியின் சுற்று 20 மில்லி செக்கனாக இருக்க, 5 மில்லி செக்கன் மாத்திரம் நீடிக்கும் துடிப்பு இரண்டு பார்வைகளுக்கிடையே வந்து போய்விடலாம். கருவி அதனைக் காணவே காணாது. வேகமாகச் சுழலும் சக்கரத்தின் துடிப்புகளை எண்ணத் தனி உள்ளீடு அமைப்பது இதனாலேதான்.

இனி, நம் இளைஞனின் நள்ளிரவுக்கு மீள்வோம். ஐந்து நிமிடம் பதினைந்தாயிற்று. கொழுந்து காத்திருக்கின்றது, டீமேக்கர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். இந்நேரத்திலே ஒரு சோதனை வரும். நான் சொல்வது மனத்துக்கு வரும் சோதனை. ஒரு சிறு கம்பித்துண்டை எடுத்து, 24 வோல்ற்று முனையையும் அந்த உள்ளீட்டையும் இணைத்துவிட்டால் விளக்கு எரியும், ஊட்டுப்பட்டை ஓடும், எல்லோரும் மகிழ்வர். பலகை நலமாக உள்ளதா என்று அறிய, இயந்திரம் தானே புறப்பட்டு எவர் கையையும் வாங்கிவிடாதபடி காவல் செய்துகொண்டு, ஒரு கணம் அவ்வாறு தொட்டுப் பார்ப்பது முறையான சோதனையே. ஆனால் அக்கம்பியை அங்கேயே விட்டுச் செல்வது வேறு. இனி விசிறி நின்றாலும் 'சுழல்கின்றது' என்றே அது சாட்சி சொல்லும். காற்றோட்டமின்றிச் சூடேறும் உலர்த்தியில் உலர்ந்த தேயிலை தீப்பற்ற எவ்வளவு நேரம் செல்லும்? அந்தக் கம்பித்துண்டு ஐயத்தைத் தீர்க்கவில்லை, திரிபைக் குடியேற்றிவிட்டது.

அனுபவமுடையோர் அபாயக் குறிகைகளை முதலிலிருந்தே தலைகீழாக அமைப்பது இதனைக் கருதியே. நிறுத்தும் பொத்தானிலே எப்பொழுதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினாலும் நிற்கும், கம்பி அறுந்தாலும் நிற்கும். மலையேறும் புகையிரதங்களின் வெற்றிடத் தடுப்பும் இந்த அறிவினின்று பிறந்ததே. குழாய் உடைந்தால் வண்டி ஓடாது, நிற்கும். அளவைக் கூறும் உணரிகளில் 4 முதல் 20 மில்லி அம்பியர் என்னும் முறையும் அத்தகையது. நீர்மட்டம் பூச்சியம் என்றால் 4, நிறைந்தால் 20, பாதியெனில் 12. பூச்சியத்துக்குப் பூச்சியத்தையே வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வைத்தால், தொட்டி வெறுமையா, கம்பி அறுந்ததா என்று தெரியாது. மௌனத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாகாது என்பதே அந்த நாலின் இரகசியம்.

ஆயினும், கம்பி அறாமலும், மின்னோட்டம் எல்லைக்குள் அழகாக நின்றும் சாட்சி பொய்க்கக்கூடும். நோட்டன் பிரிட்ஜ் வாசகர் குறிப்பாக அறிய வேண்டிய கதை இது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே டோம் சோக் என்னும் நீர்மின் நிலையம் 1963இல் அமைந்தது. மலையுச்சியிலே கற்குவியலாற் கரை எழுப்பிய ஒரு நீர்த்தேக்கம், கீழே மற்றொன்று. மின்தேவை குறைந்த இரவில் நீரை மேலே ஏற்றுவார்கள். பகலில் இறக்கி மின்சாரம் பெறுவார்கள். மேல் நீர்த்தேக்கத்துக்கு மிகை நீர் வழியும் வான் கிடையாது. நிரம்பியதும் பம்பி நிற்கும் என்னும் நம்பிக்கை ஒன்றே காவல். அதனை நிறுத்துவது பி.எல்.சி.

2004இல் தேக்கத்தின் உட்புறத்துக்குப் புதிய உறை போர்த்தினார்கள். கூடவே நீர்மட்டத்தை அளக்கப் புதிய உணரிகளையும் அமைத்தார்கள். தலைமேல் நிற்கும் நீரின் அழுத்தத்தைக்கொண்டு ஆழத்தைக் கூறும் வகை அவை. சரிவின் மீது படிந்த குழாய்களினுள்ளே அவற்றை இறக்கியிருந்தார்கள். நாளடைவில் குழாய்களின் பிடி தளர்ந்தது. குழாய்கள் வளைந்து மேலெழும்பின. உள்ளிருந்த உணரிகளும் உடன் எழும்பின. உணரி உயர்ந்தால் அதன் தலைமேல் உள்ள நீர் குறையும்; ஆகவே மட்டம் தாழ்ந்துள்ளது என்று அது சொல்லும். மின்னியல்படி அதிலே யாதொரு குற்றமும் இல்லை. எந்த மானியை வைத்து அளந்தாலும், குறிகை செம்மையானது என்றே முடிவு வந்திருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகள் இருந்தும் பயனில்லை. ஒரே பிடியிற் கட்டுண்ட சாட்சிகள் ஒருமித்துப் பொய் சொல்லின.

எச்சரிக்கை வராமலில்லை. 2005 செப்டெம்பரிலே மதிலின் மேல் நீர் வழிவதை ஊழியர் கண்டனர். காற்றில் எழுந்த அலை என்று அதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. பின்னர்க் குழாய் தளர்ந்திருப்பதும் தெரியவந்தது. மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி இயக்குவது, திருத்தத்தைப் பின்னொரு நாள் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. உணரி எவ்வளவு பொய் சொல்கின்றது என்று அறியாமல், அதற்கு இவ்வளவு கழிவு கொடுத்தால் போதும் என்று எண்ணுவதைப் போன்ற துணிச்சல் வேறில்லை.

கடைசிக் காவலாக, நீர் தொட்டால் உணரும் இரண்டு கோல்கள் மதிலருகே இருந்தன. அவற்றைப் பொருத்திய உயரமோ, காலப்போக்கில் அமிழ்ந்துபோன மதிலின் மிகத் தாழ்ந்த பகுதியைவிட அதிகம். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து கூரையைத் தொட்டால்தான் கூவும் காவற்காரன்! அதுவும் போதாதென்று நிகழ்ச்சிநிரலிலே ஒரு மாற்றம். முன்னர், இரண்டு கோல்களுள் எது நனைந்தாலும் பம்பி நிற்கும் என்றிருந்தது. பின்னர், இரண்டும் நனைந்தாலன்றி நில்லாது என்றாயிற்று. தமிழ் மாணவர்க்கு இதனை இலக்கணமாகவே சொல்லிவிடலாம்: 'இது அல்லது அது' என்றிருந்ததை 'இதுவும் அதுவும்' என்று மாற்றினார்கள். ஓர் உம்மை வித்தியாசம். வீண் நிறுத்தங்களைத் தவிர்ப்பதற்கு 'உம்' நல்லது. ஆபத்தைத் தவிர்ப்பதற்கு 'அல்லது' நல்லது. எந்த இடத்தில் எது வேண்டும் என்பதை, கம்பி பின்னுவோனன்று, விளைவை எண்ணிப் பார்ப்போனே தீர்மானிக்க வேண்டும்.

2005 டிசெம்பர் 14ஆம் திகதி விடியுமுன், பம்பிகள் நீரை ஏற்றிக்கொண்டேயிருந்தன. மேலே பார்த்திருப்பார் எவருமில்லை. மதிலைக் கடந்து வழிந்த நீர் கரையின் அடியை அரித்தது; கரை பிளந்தது; அரை மணி நேர அளவிலே நூறு கோடி கலனுக்கு மேற்பட்ட நீர் மலைச்சரிவில் இறங்கிற்று. கீழே ஜோன்சன் ஷட்-இன்ஸ் என்னும் அரசாங்கப் பூங்கா. அதன் கண்காணிப்பாளர், மனைவி, மூன்று சிறு குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்த வீட்டை வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிற்று. ஐவரும் உயிர் பிழைத்தனர். மாரிக்காலமாதலின் பூங்காவிலே கூடாரமடித்துத் தங்குவோர் இல்லை. கோடைக்கால வார இறுதியாக இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவும் மனம் கூசுகின்றது. நிலையத்தாருக்கு மத்திய ஆணைக்குழு விதித்த தண்டம் மொத்தம் 15 மில்லியன் டொலர். தேக்கத்தை முற்றிலும் புதிதாகக் கட்டி, 2010இலேதான் மீண்டும் இயக்கினார்கள். இம்முறை மிகைநீர் வழிவதற்கும் வழி வைத்தார்கள்.

இக்கதையிலே எந்த இடத்தில் ஒரு மனிதன் குறுக்கிட்டிருக்கலாம்? உணரியை உணரியாற் சோதித்துப் பயனில்லை என்று கண்டோம். வேறு வகையான அளவை வேண்டும். பம்பிகள் இத்தனை மணி நேரம் ஓடின. இத்தனை நீர் ஏறியிருக்கும். அங்ஙனமாயின் மட்டம் இதுவாக இருத்தல் வேண்டும் என்று கணக்கிடுவது கருதல். சுவரிலே வர்ணத்தால் எழுதிய அளவுகோலை நேரே சென்று பார்ப்பது காட்சி. இரண்டும் முரண்பட்டால் பம்பியை நிறுத்திவிட்டுப் பின்னர் வாதிடலாம். கணக்கிடும் வேலையைக் கருவியிடமே ஒப்படைத்து, முரண் கண்டால் கூவச் செய்வதும் எளிது.

இதற்கு உடன்பிறந்த கதையொன்றும் உண்டு. 1979 மார்ச் 28ஆம் திகதி, பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையத்திலே, ஒரு வால்வு மூடாமல் திறந்தபடி நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடியதுபோற் காட்டிற்று. அந்த விளக்கு கூறியது வால்வின் நிலையையன்று. மூடுமாறு கட்டளை போயிற்று என்பதை மாத்திரமே. 'மகன் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டான்' என்பதும் 'பள்ளிக்கூடத்தை அடைந்தான்' என்பதும் வேறு என்பதைப் பெற்றோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளீட்டுக் கம்பியொன்றை ஆராயும் மாணவர், 'இக்கம்பி எதற்குச் சாட்சி?' என்று முதலிலே கேட்டுக்கொள்ள வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் போகின்றது என்பதற்கா, மோட்டார் சுழல்கின்றது என்பதற்கா, காற்று வருகின்றது என்பதற்கா? பட்டி அறுந்தால் மோட்டார் சுழலும், விசிறி சுழலாது.

நம் உலர்த்தியின் விசிறிக்கு என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். பலகை முனையில் வோல்ற்று இல்லை. சந்திப்புப் பெட்டியிலும் இல்லை. உணரியின் வாயிலிலே இருக்கின்றது. இடைக்கம்பி, அதிரும் தகட்டின் விளிம்பிலே உரசி உரசி அறுந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய இடங்களில் அடிக்கடி காணப்படுவது அதுதான். உலர்த்தியின் மின்சாரத்தை முற்றும் துண்டித்து, ஆளியைப் பூட்டி, கம்பியை மாற்றி, விளிம்பிலே ஓர் இறப்பர் வளையமும் பொருத்தி, நேரத்தையும் பிழையையும் இரவுப் புத்தகத்தில் எழுதிவைத்தால் வேலை முடிந்தது. அந்தப் புத்தகத்திலே இதே உணரியின் பெயர் முன்னரும் இருமுறை காணப்பட்டால், அடுத்த முறை கம்பியை மாற்றாமல், அது செல்லும் பாதையையே மாற்ற வேண்டும்.

சோதனைக் கருவி பற்றிய கேள்விக்கு விடை: இலக்கமானி ஒன்று வாங்குக, விலையுயர்ந்தது வேண்டியதில்லை, ஆனால் அதன் கம்பிகளும் முனைகளும் தரமானவையாக இருத்தல் வேண்டும். அதனோடு 24 வோல்ற்றுக்குரிய சிறு மின்குமிழ் ஒன்றை இரண்டு கம்பிகளோடு நீங்களே பொருத்திச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதனை 230 வோல்ற்றுச் சுற்றிலே தொடலாகாது. மானி 'உண்டு' என்று சொல்லும்போது குமிழும் 'உண்டு' என்று சொல்கின்றதா எனப் பார்த்த பின்னரே பலகையைக் கழற்றுங்கள்.